எருமைக்கு முதுகு காட்டாத வீரன்

கோரைப்பள்ளம் கோரைப்பள்ளம்னு ஒரு ஊரு இருந்துச்சு, அந்த ஊருல மாடத்தி மாடத்தின்னு ஒருத்தி இருந்தா. புருசன் போய்ச் சேந்துட்டான், புள்ளகுட்டி கிடையாது, அவளுக்குன்னு இருந்தது ஒரே ஒரு எருமை. அது பேரு பவளம். கரிக்கட்டை மாதிரி இருக்கிற எருமைக்கு எவளாச்சும் பவளம்னு பேரு வைப்பாளா? அவ வெச்சா, ஒனக்கென்ன வந்துச்சு, கதையக் கேளு. அந்தப் பவளம் குடுக்கிற பாலை உறை ஊத்தி, தயிராக்கி, மோராக்கி, தெருத்தெருவா வித்துத்தான் மாடத்தி கஞ்சி குடிச்சா. எருமை போச்சுன்னா அவ அடுப்புல பூனைதான் தூங்கும்.

இப்படி இருக்கையில ஒருநாளு, முறுக்குன மீசையும் இடுப்புல வாளும் தோள்ல புலித்தோலுமா ஒருத்தன் ஊருக்குள்ள வந்து நின்னான். "நான் யாரு தெரியுமா? ராசாவோட புலிப்படை வீரன். உக்கிரபாண்டின்னு பேரச் சொன்னா எதிரி வேட்டியிலயே மோண்டுருவான்"னான். புலிப்படைன்னா லேசா? ராசாவோட லட்சம் சேனையில பொறுக்கி எடுத்த சூரனுங்கதான் அந்தப் படை. அவங்க ஒரு ஊருக்கு வந்தா கேட்டதக் குடுக்கணும். "நீ நெசமாவே புலிப்படையா?"ன்னு எவனாச்சும் சந்தேகப்பட்டா, சந்தேகப்பட்டவன் தலை போயிரும். ராசா போட்ட சட்டம் அது.

அத வெச்சே பய ஊர மேஞ்சான். கோழியக் கேட்டான், குடுத்தாங்க. கெடாயக் கேட்டான், குடுத்தாங்க. நாட்டாமை பெரியகருப்பு படுக்கிற கட்டிலக் கேட்டான், அதையும் குடுத்துட்டு நாட்டாமை தரையில உருண்டாரு. கடைசியில, "அந்த மோர்க்காரி எருமை கொழுகொழுன்னு இருக்கே, வெள்ளிக்கிழமை ஓட்டிட்டுப் போறேன்"னுட்டான்.

மாடத்தி அதக் கேட்டதும் மோர்ப்பானைய எறக்கி வெச்சா. ஓடுனா நாட்டாமைகிட்ட. "மாமா, அவன் மூஞ்சியப் பாத்தா புலிப்படை மாதிரியா இருக்கு? கேக்க மாட்டீகளா?"

"அடியே, மெதுவாப் பேசு. கேட்டா தலை போயிரும்டி!"

"அப்ப என் எருமை போகட்டுமா?"

"எருமை போனா வேற வாங்கலாம், தலை போனா எங்கடி வாங்குறது?"னாரு நாட்டாமை.

மாடத்தி கண்ணத் தொடச்சிக்கிட்டு ரோசிச்சா, ரோசிச்சா, அப்படி ரோசிச்சா. சந்தேகப்பட்டாத்தான தலை போகும்? புகழ்ந்தா போகாதுல்ல? நேரா சாவடிக்குப் போனா. அங்க உக்கிரபாண்டி கால்மேல கால் போட்டுக்கிட்டு, "புலிப்படைக்காரன் எவனுக்கும் முதுகு காட்ட மாட்டான்"னு அளந்துக்கிட்டிருந்தான்.

"அடி ஆத்தீ! எவனுக்குமா அண்ணாச்சி?"ன்னா மாடத்தி.

"எவனுக்கும்!"

"பொம்பளைக்கும் காட்ட மாட்டீகளா?"

"காட்ட மாட்டேன்!"

"ஆடு மாட்டுக்கு?"

ஊரே வாயப் பொளந்துக்கிட்டு நிக்குதா, பயலுக்குத் தலைகால் புரியல. "ஈ எறும்புக்குக்கூட காட்ட மாட்டேன்!"னு தொடையத் தட்டுனான். மாடத்தி கையெடுத்துக் கும்பிட்டா. "நீங்கதான் அண்ணாச்சி வீரன். ஆனா இப்ப உங்க பின்னால ஒரு கோழி நிக்குதே?"ன்னா. பய விசுக்குன்னு திரும்பினான். "இப்ப எனக்கு முதுகு காட்டுறீகளே?"ன்னா. விசுக்குன்னு இங்கிட்டுத் திரும்பினான். அன்னைக்குப் புடிச்சது சனி.

சாப்பிட ஒக்காந்தான். "அண்ணாச்சி, பின்னால காக்கா"ன்னா. திரும்பினான். "அண்ணாச்சி, இந்தப் பக்கம் நாயி"ன்னா. இங்கிட்டுத் திரும்பினான். எலையக் கையில ஏந்திக்கிட்டுப் பம்பரமாச் சுத்திச் சுத்தித் தின்னான், கொழம்பெல்லாம் நாட்டாமை மூஞ்சியில. குளிக்கப் போனான். "குளத்துல மீனு இருக்கே அண்ணாச்சி, எந்த மீனுக்குன்னு முகத்தக் காட்டுவீக?"ன்னா. குளிக்காமலே கரையேறிட்டான். மத்தியானம் கண்ணசரலாம்னு கட்டில்ல சாஞ்சான். "மல்லாந்தா பூமாதேவிக்கு முதுகு, கவுந்தா சூரிய பகவானுக்கு முதுகு, ஒருக்களிச்சா செவுத்துப் பல்லிக்கு முதுகு"ன்னா. பய எந்திரிச்சு ஒக்காந்துட்டான். ஏய், நீ ஏன் சிரிக்கிற? காலை மடக்கு, கொட்டாவி விட்டா கதை நின்னுரும்.

"மாடத்தி, பய புளுகன்னு இப்பவே தெரியுதேடி"ன்னாரு நாட்டாமை, அவ காதுக்குள்ள.

"தெரியுதுல்ல? சத்தமாச் சொல்லுங்க மாமா."

"எனக்குத் தொண்டை சரியில்ல"ன்னு நாட்டாமை நகந்துட்டாரு.

வெள்ளிக்கிழமையும் வந்துச்சு. ஊரே கூடிருச்சு. மாடத்தி பவளத்தக் கட்டிப்புடிச்சு அழுதா பாரு, அது நடிப்பில்ல, நெசமான அழுகை. இந்த ஒரு தடவை தப்பிச்சான்னா நாளைக்கு மோரு இல்ல, கஞ்சி இல்ல, அவ கதி அதோகதிதான். அழுதுக்கிட்டே கயித்த அவன் கையில குடுத்தா. "அண்ணாச்சி, முன்னால நடந்து இழுத்தீகன்னா எருமைக்கு முதுகு. பின்னால நின்னு பத்துனீகன்னா ஊருக்கு முதுகு. வீரருக்குத் தெரியாததா, பாத்துப் பண்ணுங்க"ன்னா.

பய ஊரப் பாத்தான், எருமையப் பாத்தான். அப்புறம், எருமை மூஞ்சியப் பாத்துக்கிட்டு, கயித்தப் புடிச்சிக்கிட்டு, பின்னுக்குப் பின்னா நடக்க ஆரம்பிச்சான். உச்சி வெயிலு. உச்சி வெயில்ல எருமை எங்க போகும்? வேற எங்க, குட்டைக்குத்தான். அது வளைய, அவனும் வளைய, அது எட்டு வைக்க, அவனும் எட்டு வைக்க, தொபுக்கடீர்னு மல்லாக்க விழுந்தான் சேத்துக்குள்ள! பவளம் சொகமா அவன் பக்கத்துல படுத்துச்சு. படுத்துட்டு, மொத மொதலா வாயத் தொறந்து, "ஏம்ப்பா, கழுத்துல அரிக்குது, கொஞ்சம் சொறிஞ்சு விடேன்"னுச்சு.

எருமை பேசுமான்னு கேக்காத. அந்தக் காலத்துல பேசுச்சு, ஒன்ன மாதிரி ஆளுங்க கேள்வி கேட்டுக் கேட்டே அது பேச்ச நிப்பாட்டிருச்சு.

"ஐயோ அம்மா!"ன்னான் உக்கிரபாண்டி. வாள் ஒரு பக்கம், புலித்தோலு ஒரு பக்கம், எந்திரிச்சு எடுத்தான் பாரு ஓட்டம்! ஊருக்கு முதுகு, எருமைக்கு முதுகு, ஈ எறும்புக்கெல்லாம் முதுகு. அப்பத்தான் நாட்டாமைக்குத் தொண்டை தெறந்துச்சு, "புடிங்கடா அந்தப் புளுகன!"னாரு. எவன் புடிக்க? பய மூணு ஊரு தாண்டி, ஆறு தாண்டி, காடு தாண்டி, நேரா அரமணை வாசல்ல போய் விழுந்தான்.

அங்க ராசா நிக்காரு, சுத்தி நெசமான புலிப்படை நிக்குது. "யாருடா நீ?"ன்னாரு ராசா. பாழாப்போன வாய்ப்பழக்கம் விடுமா? "புலிப்படை வீரன் உக்கிரபாண்டி"ன்னுட்டான்!

புலிப்படை திருதிருன்னு முழிச்சுச்சு. ராசா "நீ நெசமாவே..."ன்னு ஆரம்பிச்சவரு, டக்குன்னு வாயப் பொத்திக்கிட்டாரு. சந்தேகப்பட்டா அவரு தலையே போயிருமே, அவரு போட்ட சட்டமாச்சே! "சரிப்பா, வரிசையில போய் நில்லு"ன்னாரு.

அவ்வளவுதான். விடியங்காட்டியும் எழுப்பி மலையில ஏத்துனாங்க, பகலெல்லாம் முதலைக் குளத்துல நீந்த விட்டாங்க, பொழுது சாஞ்சதும் நெசப்புலிக்குப் பல்லு வெளக்கச் சொன்னாங்க. "ஐயா சாமி, நான் புலிப்படையே இல்லைங்க, வெறும் புளுகனுங்க!"ன்னு தளபதி கால்ல விழுந்தான் உக்கிரபாண்டி.

தளபதி பதறிப்போயி அவன் வாயப் பொத்துனாரு. "அடப்பாவி, மெதுவாப் பேசு. புலிப்படைக்காரன ஒருத்தன் சந்தேகப்பட்டா தலை போயிரும். அது நீயா இருந்தாலும்தான்!"

அன்னையிலேருந்து அவன் அங்க புலிக்குப் பல்லு வெளக்குறான், மாடத்தி இங்க பவளத்துக்குக் கழுத்தச் சொறிஞ்சு விட்டுப் பாலைக் கறக்குறா. இல்லாத வீரத்த இருக்குன்னு சொல்லி ஏழை சொத்துல கைய வெச்சா, அந்த வீரத்த நெசமாவே தலையில கட்டிருவாங்க. கதை முடிஞ்சுது, மோரும் தீந்துது, வாய மூடு, கண்ணையும் மூடு.