ஓடாத மீனும் உடைந்த முட்டையும்

பருத்திக் காட்டை ஒட்டிய குளத்தில் செங்கழுத்தி என்ற முக்குளிப்பான் பறவை வாழ்ந்தாள். அவளுக்கு ஒரே ஏக்கம். ஒரு குஞ்சு வேண்டும். அது தன் முதுகில் ஏறிச் சவாரி போக வேண்டும். அவளும் அம்மாவின் முதுகில் வளர்ந்தவள்தானே!

ஆனால் அடைகாக்க உட்கார்ந்தாலே முட்டை நொறுங்கியது. போன வருஷமும் அப்படி, இந்த வருஷமும் அப்படி.

"உன் கனம் அப்படி! கொஞ்சம் வாயைக் கட்டு!" என்றான் அதே குளத்து மீன்கொத்தி.

அவளும் வாயைக் கட்டினாள். எலும்பும் தோலுமாக இளைத்தாள். அடுத்த முட்டையும் நொறுங்கியது. உடைந்த முட்டையோட்டை அலகால் தொட்டாள். வெங்காயச் சருகு மாதிரி இருந்தது. அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"தண்ணீரில் ஏதோ இருக்கிறது," என்றாள்.

"நன்றாய்ச் சொன்னாய்!" என்று சிரித்தான் மீன்கொத்தி. "அடிமண் தெரிகிறது, நாற்றமும் இல்லை! இப்போதெல்லாம் நான் கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்தாலும் வாயில் மீன்! கெட்டிக்காரனுக்கு இந்தக் குளத்தில் என்ன குறை?"

செங்கழுத்திக்குச் சுருக்கென்றது. முன்பெல்லாம் நிழல் பட்டாலே மீன்கள் சிதறி ஓடுமே!

அவள் முங்கினாள். ஒரு கெண்டையின் மூக்குக்கு நேரே போய் நின்றாள். அது அசையவில்லை. இடித்துத் தள்ளிய பிறகுதான் மெல்ல நகர்ந்தது.

"அண்ணே, இது உங்கள் கெட்டிக்காரத்தனம் இல்லை!" என்றாள் மேலே வந்து. "மீன்தான் சொரணை கெட்டுக் கிடக்கிறது. அதைக் கெடுத்ததுதான் என் முட்டையையும் கெடுத்திருக்கிறது. பருத்திக்கு அடிக்கிற மருந்து மழையில் கரைந்து இங்கேதானே இறங்குகிறது! வாருங்கள், மலைச் சுனைக்குப் போய்விடுவோம்."

"சும்மா கிடைக்கிற சோற்றுக்கு நொட்டை சொல்கிறாயே!" என்று அவன் திரும்பிக்கொண்டான்.

செங்கழுத்தி தன் துணைவனோடு கிளம்பினாள். சுனையில் மீன்கள் அம்பாய்ப் பறந்தன. பாதி நாள் அரை வயிறுதான்.

"பழைய குளத்துக்கே போய்விடலாமா?" என்றான் துணைவன்.

அவளுக்கும் பிறந்த குளம் கண்ணிலேயே நின்றது. ஆனாலும், "ஓடுகிற மீன் போதும் எனக்கு," என்றாள்.

மழைக்காலங்கள் வந்து போயின. கீழிருந்து மீன்கொத்தியின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு கேட்கவில்லை.

ஒருநாள் அவள் முட்டையிட்டாள். உட்காரவே பயந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். ஓடு தாங்கியது!

குஞ்சு வெளியே வந்ததும் தட்டுத்தடுமாறி அவள் முதுகில் ஏறியது.

"அம்மா, நான் கனமாக இருக்கிறேனா?"

"இன்னும் கனமாக உட்காரு, என் கண்ணே!" என்றாள் செங்கழுத்தி. அவள் கண் கீழே தெரிந்த பழைய குளத்தின் மேல் இருந்தது.

கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டாத நஞ்சை உடம்புதான் முதலில் காட்டிக்கொடுக்கும். அந்த உடம்பைப் பழிக்காமல், அது சொல்வதைக் கேட்பவரே பிழைப்பார்.