பச்சைக்குச் சொல்லப் போன பவுன்ராசு

எங்க கோணமங்கலத்துல ரெண்டே ரெண்டு சிக்னல்தான். ஒண்ணு பஸ் ஸ்டாண்டு முனையில, இன்னொண்ணு மணிக்கூண்டுல. ரெண்டுக்கும் என்ன பகையோ தெரியாது, இங்கே பச்சை விழுந்து வண்டி கிளம்பினா, அங்கே மூஞ்சிக்கு நேரா சிவப்பு விழும்.

இதைச் சரி பண்ண ஒரு இன்ஜினியர் வந்தார், பாவம். "ரெண்டையும் கேபிள் போட்டு இணைச்சிடலாம். கேபிள் வர்ற வரைக்கும் கையாலயே ஓட்டுங்க. பஸ் ஸ்டாண்டுல பச்சை போட்டதும் மணிக்கூண்டுக்குச் செய்தி போகணும். செய்தி வந்தாத்தான் அங்கே பச்சை. ஒரு செய்திக்கு ஒரு பச்சை. டூட்டியில செல்போனைத் தொடக் கூடாது. சிவப்புல ஈ காக்கா தாண்டக் கூடாது" என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விட்டார்.

நம்ம டிராஃபிக் போலீஸ் ஆட்கள் சொன்ன சொல் தவறாதவங்க. மணிக்கூண்டு சுவிட்சைக் கொண்டல்சாமி பிடிச்சுக்கிட்டார். செய்தி கொண்டு போற வேலை பவுன்ராசுக்கு. அதுக்காகவே ஒரு டிவிஎஸ் மொபெட்டும் கொடுத்தாங்க.

மறுநாள் காலையில பஸ் ஸ்டாண்டுல பச்சை விழுந்தது. பவுன்ராசு பறந்தார். மணிக்கூண்டுல சிவப்பு. வெள்ளைக் கோட்டுக்கு முன்னாடி மரியாதையா நிறுத்திட்டார்.

"என்ன பவுனு, செய்தி உண்டா?" என்று கூண்டுக்குள்ளிருந்து கொண்டல்சாமி கத்தினார்.

"உண்டுண்ணே. பச்சை போடுங்க, வந்து சொல்றேன்."

"நீ சொன்னாத்தானே நான் பச்சை போட முடியும்?"

"சிவப்புல நான் எப்படிண்ணே தாண்டுவேன்? நாமளே தாண்டினா ஊர்க்காரன் மதிப்பானா?"

"அதுவும் நியாயம்தான்" என்றார் கொண்டல்சாமி. அந்த நேரம் பார்த்து ஒரு காக்கா கோட்டைத் தாண்டிப் பறந்தது. விசிலடித்து அதை எச்சரித்தார். குறுக்குச் சாலையில ஜோரா பச்சை எரிஞ்சுக்கிட்டிருந்தது. அங்கே நின்றது ஒரே ஒரு எருமை.

பவுன்ராசுக்குப் பின்னாடி வண்டிகள் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சேர்ந்துபோச்சு. அதுல முதல் கார் மாப்பிள்ளை தீனதயாளனோடது. பத்தரைக்குள்ள தாலி கட்டியாகணும். மண்டபமோ இன்னும் ரெண்டு மைல். மணி பத்து. ஏழு வருஷம் பெண் தேடி அமைஞ்ச சம்பந்தம் ஐயா அது!

தாய்மாமன் வரதப்பன் இறங்கி ஓடிவந்தார். "அந்தச் செய்தியை என்கிட்ட சொல்லுய்யா, நான் போய்ச் சொல்லிடறேன்!"

"நீங்க டூட்டியில இல்லையே" என்றார் பவுன்ராசு.

"அப்ப வண்டியை விட்டுட்டு நடந்து போயேன்!"

"அரசாங்க வண்டியை நடு ரோட்டுல விடச் சொல்றீங்களா? நல்லாருக்கே!"

வரதப்பனும் நம்ம ஊர்க்காரர்தானே. நெத்தியைத் தேய்ச்சு யோசிச்சார். "சக்கரம் கோட்டுல படாம போனா?"

பவுன்ராசும் கொண்டல்சாமியும் நெடுநேரம் விவாதிச்சாங்க. சக்கரம் படலைன்னா தாண்டினதா ஆகாதுன்னு முடிவாச்சு. பட்டு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு மாப்பிள்ளை ஒரு பக்கம், மாமன் ஒரு பக்கம். பவுன்ராசு சீட்டை விட்டு இறங்காம உட்கார்ந்திருக்க, மொபெட்டோடு அவரைத் தூக்கிக் கூண்டடியில வச்சாங்க.

"அண்ணே, அங்கே பச்சை" என்றார் பவுன்ராசு.

"அப்படியா, ரொம்ப சந்தோஷம்" என்று கொண்டல்சாமி பச்சை போட்டார்.

பின்னாடியிருந்து காது கிழிய ஹாரன் அடிக்க, மாப்பிள்ளையில்லாமலே மாப்பிள்ளை கார் கிளம்பிப் போயிடுச்சு. செல்போனும் அதுலதான். வரதப்பன் "டேய், டேய்!" என்று காருக்குப் பின்னால ஓடினார். மண்டபத்துல நாதஸ்வரம் முழங்க, காத்திருந்த பெண் வீட்டார் ஆரத்தித் தட்டோட ஓடிவந்து டிரைவர் நெத்தியில பொட்டு வச்சதாக் கேள்வி.

இங்கே பச்சை அணைஞ்சு சிவப்பு விழுந்தது. ஒரு செய்திக்கு ஒரு பச்சைதானே.

"அண்ணே, உங்க கால்ல விழறேன், என்னை மொபெட்டுல கொண்டுபோய் விட்டுடுங்க" என்று மாப்பிள்ளை அழுதே விட்டார்.

பவுன்ராசு மனசு இளகிட்டது. "இதுக்கா அழறீங்க? ஏறுங்க மாப்பிள்ளை!"

மாப்பிள்ளை தாவி ஏறினார். வண்டி திரும்பி, பஸ் ஸ்டாண்டைப் பார்த்துப் பறந்தது.

"அண்ணே! மண்டபம் அந்தப் பக்கம்!"

"தெரியாதா எனக்கு? கோட்டைத் தாண்டித் தூக்கி வச்சது செய்தி சொல்லத்தான். போறதுக்கு அங்கே சிவப்பு மாப்பிள்ளை. பஸ் ஸ்டாண்டுக்குப் போய் புதுச் செய்தி வாங்கிட்டு வந்துடுவோம். கோட்டுக்கிட்ட வந்ததும் தூக்குறதுக்கு மட்டும் நீங்க இன்னொரு ஆளைப் பார்த்துக்கங்க."