மடத்துத் தொட்டிக்கு ஆறு வாளி உறை

குன்றடி மடத்தின் குரு தையல்நாயகிக்கு முப்பத்தாறு வயது. அவருடைய சீடர் வைரவனுக்கு ஐம்பத்தொன்பது. நகராட்சியில் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞானம் தேடி மடத்துக்கு வந்தபோதும் ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடரோடுதான் வந்தார்.

"சன்னதிப் பூசையை என்கிட்ட விடுங்கம்மா. சுத்தத்துல என்னை மிஞ்ச ஆள் கிடையாது."

"முதல்ல கழிவுநீர்த் தொட்டியைப் பாத்துக்குங்க," என்றார் தையல்நாயகி.

மடத்துக் கழிவறைத் தண்ணீரைச் சுத்தம் செய்யப் புதிதாகக் கட்டிய தொட்டி அது. உள்ளே ஒரு குழாய் காற்றை ஊதிக் குமிழி விட்டுக்கொண்டே இருக்கும். தெளிந்த நீர் வாழைத்தோட்டத்து வாய்க்கால் வழியாக ஊர்க் குளத்துக்குப் போகும்.

மூத்திர நெடி மூக்கைத் துளைத்தது. வைரவன் ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். எட்டாம் நாள் மூட்டையைப் பிரித்து அப்படியே தொட்டியில் கொட்டிவிட்டார். நல்ல மனிதர்தான், கைதான் சும்மா இருக்காது.

நெடி போய்விட்டது. இரண்டே நாளில் தண்ணீர் கலங்கி வெளியே வந்தது, வாழையிலை ஓரமெல்லாம் கருகியது. ஊராட்சித் தலைவர் வந்து வாய்க்காலை அடைத்தார்.

"பதினஞ்சு நாள்ல குருபூசை. ஆயிரம் பேர் வருவாங்க. அதுக்குள்ள தண்ணி தெளியலேன்னா பூசையை நிறுத்திடுங்கம்மா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வைரவனின் முகம் தொங்கிப்போனது. "கிருமிதானேன்னு கொன்னுட்டேம்மா. என்னால பூசை நிக்கப்போகுது."

தையல்நாயகி கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"அந்தக் கிருமிங்கதான் அங்க வேலைக்காரங்க. மூத்திரத்துல இருக்கற யூரியாவை ஒரு கூட்டம் உடைக்கும். அப்ப வர்றதுதான் அம்மோனியா நெடி. இன்னொரு கூட்டம் அந்த அம்மோனியாவை வாழைக்கு உரமா மாத்தும். அந்த ரெண்டாவது கூட்டம் மெதுவாத்தான் பெருகும். நீங்க அதுக்குள்ள அவசரப்பட்டுட்டீங்க."

"இப்ப என்ன செய்யறது?"

"வீட்டுல உறைமோர் இல்லேன்னா என்ன செய்வாங்க?"

"பக்கத்து வீட்டுல வாங்குவாங்க."

தையல்நாயகி ஒரு வாளியை நீட்டினார். "ரெண்டு நாள் காத்து ஊதி பவுடரோட வீரியம் போகட்டும். அப்புறம் போய் வாங்கிட்டு வாங்க."

நகராட்சிக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஆறு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அங்கே வேலை பார்த்த மாரிக்கண்ணு, சுத்தம் போதவில்லை என்று வைரவன் ஒரு காலத்தில் மெமோ கொடுத்த ஆள்.

"என்ன வேணுங்கய்யா?"

"சேறு."

மாரிக்கண்ணு வாளியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு விளிம்பு வரை மொண்டு கொடுத்தார். வாளியோடு பஸ்ஸில் ஏறக் கூடாது என்று கண்டக்டர் சொல்லிவிட்டதால் வைரவன் நடந்தே திரும்பினார். மூன்று நாளில் ஆறு வாளி. தொட்டியில் ஊற்றியபோது ஒவ்வொரு முறையும் கைகூப்பினார்.

அதற்கடுத்த நாள் காலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"அம்மா, நாறுது!"

"நெசமாவா?"

இரண்டு பேரும் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து ஆசையாக மோந்து பார்த்தார்கள். வைரவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

தலைவர் வைத்த கெடுவில் பதிமூன்றாம் நாள் நெடி தானாக அடங்கியது. தண்ணீர் தெளிந்து வந்தது. ஊராட்சித் தலைவர் தன் கையாலேயே வாய்க்காலைத் திறந்துவிட்டார்.

குருபூசையன்று காலை சன்னதிச் சாவியை வைரவனிடம் கொடுத்தார் தையல்நாயகி. சாவியை வாங்கிக்கொண்டும் அவர் நகரவில்லை.

"என்ன யோசனை?"

"சாமிக்குப் பாலும் பழமும் வெச்சிடுவேன். தொட்டியில பாடுபடறவங்களுக்கு என்னத்தைம்மா படைக்கறது?"

தையல்நாயகி குடிதண்ணீர்ப் பானையிலிருந்து ஒரு செம்பு நிறைய மொண்டு அவர் கையில் கொடுத்தார்.

"இதைக் குடிங்க. ஒரு மணி நேரம் கழிச்சு, போய்ப் படைச்சிட்டு வாங்க."