நாற்பதாயிரம் பஸ்ஸைக் கூப்பிட்ட செங்கோட்டுவேல்

மூன்று மணிக்கு லாரி கம்பெனிக்காரர்கள் வந்துவிடுவார்கள். சிந்துஜா வேலைக்குச் சேர்ந்தபின் எழுதிய முதல் ‘ஃபங்ஷன்’ என்ற நிரல்துண்டை அவர்களுக்குக் காட்ட வேண்டும். டேட்டாபேஸுக்குள் இருந்தபடியே அது வெளியிலுள்ள ஒரு புரோகிராமைக் கூப்பிட்டு, ஊருக்கு ஊர் தூரம் கணக்கிட்டுத் தரவேண்டும். அதுவோ காலையிலிருந்து ‘ஃபைல் கிடைக்கவில்லை’ என்று ஒரே பிடியாக நின்றது. அந்தப் புரோகிராமின் ஃபைலோ அவள் லேப்டாப்பில், கண்ணெதிரே இருந்தது.

வேறு வழியில்லாமல் கேண்டீனில் செங்கோட்டுவேலிடம் போய் நின்றாள். அந்தக் கோயமுத்தூர் ஆபீஸில் வேலையில் மூத்தவர் அவர்தான். வாய்ச்சவடாலிலும் அவர்தான்.

“இதென்ன அம்மிணி பெரிய வித்தை! நான் ஒரு புரோகிராமைக் கூப்புட்டா, கேள்வியை டைப் அடிச்சு முடிக்கறதுக்குள்ள பதில் வந்து உக்காந்திருக்கும்.”

“கேள்வியே தெரியாமயா?” என்றாள் பக்கத்தில் பஜ்ஜியை ஊதிக்கொண்டிருந்த பெனாசிர்.

“பழகின புரோகிராமுங்க. மொகத்தைப் பாத்தே சொல்லிப்போடும். புரோகிராம் என்ன, வெளிய இருக்கற எதையும் கூப்புடலாம். ஒரு நா நல்ல மழை. ஆட்டோ கெடைக்கல. வாசல்ல நின்னபடியே டேட்டாபேஸுக்கு ‘செலக்ட்’னு ஒரு கட்டளை போட்டு டவுன் பஸ்ஸைக் கூப்புட்டேன்.”

“வந்துச்சாக்கும்?” என்றாள் பெனாசிர்.

“வராம? ஆனா எந்த வரிசைக்கு மட்டும்னு சொல்ற ‘வேர்’ (where) போட மறந்துட்டேன். டேபிள்ல நாப்பதாயிரம் வரிசை. வரிசைக்கு ஒரு பஸ் வந்து நிக்குது! அவினாசி ரோட்டுல இன்னும் நெரிசல் தீரலைன்னா, அது நம்ம பஸ்ஸுகதான்.”

“அப்ப ஜம்முனு ஏறிப் போனீங்க.”

“எங்க ஏற? எல்லாம் மூணாவது மாடி சர்வர் ரூமுக்கில்ல போயிருச்சு! கூப்புட்டது நானா? டேட்டாபேஸு. அது இருக்கற எடத்துக்குத்தான வரும்? நான் நனைஞ்சுட்டே வீடு போய்ச் சேந்தேன்.”

பெனாசிருக்குப் புரையேறியது. சிந்துஜா மட்டும் சிரிக்கவில்லை. டேட்டாபேஸ் இருக்கிற இடம்! அது தன் சர்வரில் தேடுகிறது. ஃபைலோ இவள் லேப்டாப்பில். டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். ஃபைலை சர்வரில் ஏற்றினாள். மூன்று மணிக்கு, லாரிக்காரர்கள் கேட்ட ஊரெல்லாம் தூரத்தோடு திரையில் வந்து விழுந்தது.

அவர்கள் போனதும் செங்கோட்டுவேல் மீசையைத் தடவிக்கொண்டே வந்தார். “பாத்தியா அம்மிணி! உன் ஃபைலை மேல கொண்டுபோய்ச் சேத்ததே நம்ம பஸ்ஸுதான்.”

சிந்துஜா தரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்: “ஆமாங்கண்ணா. கண்டக்டருக எல்லாம் சர்வர் ரூம்ல உக்காந்திருக்காங்க. கூப்புட்டவரே அத்தனை பஸ்ஸையும் படியில எறக்கி விட்டுட்டுத்தான் இன்னிக்கு வீட்டுக்குப் போகணுமாம்.”