நானூற்றுப் பன்னிரண்டு வார்னிங்கும் ராசாத்தாள் அக்காவின் முட்டைகளும்

ராசிபுரம் பக்கம் அத்தியப்பன், நாச்சிமுத்து, பூங்கோதை என்று மூன்று பேர் ஒரு கம்ப்யூட்டர் ஆபீசில் வேலை பார்த்தார்கள். மூவருக்கும் சேர்த்து ஒரே மூளை. அதுவும் சேலத்தில் இருந்தது. அதுதான் முதலாளி கனகசபை சார். போனில் அவர் சொல்வதை அப்படியே செய்வார்கள்.

பக்கத்து ஊர் ராசாத்தாள் அக்கா முட்டைகளைச் சூட்டில் வைத்துக் குஞ்சு பொரிக்கும் பெட்டி வைத்திருந்தார். அதன் சூட்டைக் கவனிக்கும் புரோகிராம் பழைய விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஓடியது. அந்தக் கம்ப்யூட்டரோ இன்றோ நாளையோ என்று கிடந்தது. அக்கா பெட்டியோடு எல்லாவற்றையும் ஆபீசில் கொண்டுவந்து இறக்கினார்.

"கண்ணுகளா, உள்ள இருநூறு முட்டை. பொரிய ரெண்டே நாள்தான். புதுக் கம்ப்யூட்டருக்கு மாத்திக் குடுங்க. முட்டை ஆறிப்போச்சுன்னா அத்தனையும் வீண்!"

புதியதில் லினக்ஸ். புரோகிராமை அதற்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலரை ஓட்டினார்கள். மாற்றித் தந்தது. கூடவே நானூற்றுப் பன்னிரண்டு வார்னிங்கும் கொட்டியது.

"திட்டுது சார்!" என்றார்கள் போனில்.

"ஒவ்வொண்ணையும் உட்கார்ந்து பாருங்க," என்றார் சார்.

பார்த்தார்கள். நாச்சிமுத்து நின்றபடி பார்த்த பதினேழை, மறுபடி உட்கார்ந்து பார்க்கவைத்தாள் பூங்கோதை.

"பார்த்தாச்சு சார்."

"பார்த்தாப் போதுமா? அது என்ன சொல்லுதோ, அதைக் கவனிங்க!"

முதல் வார்னிங்: 'மிச்சம் என்று ஒன்றை வைத்திருக்கிறீர்கள், எங்கேயும் பயன்படுத்தவில்லை.'

"பாவம், எத்தனை வருசமா சும்மா கெடக்குதோ," என்றான் அத்தியப்பன். "ஒரு வேலை போட்டுக் குடுப்போம்."

மணிக்கொரு தரம் திரையில் வந்து 'வணக்கம்' சொல்லும் வேலை அதற்குக் கிடைத்தது.

அடுத்தது: 'சூடேற்றும் பகுதி பழசாகிவிட்டது. விரைவில் ஓய்வு பெறும்.'

மூவரும் எழுந்து நின்றார்கள்.

"வெறுங்கையோட அனுப்பினா மரியாதையா இருக்குமா?"

"எங்க சித்தப்பா ரிட்டையர் ஆனப்போ சால்வை போத்தினாங்க."

மானிட்டருக்குச் சால்வை போர்த்தினார்கள். தட்டில் மிக்சர் வைத்தார்கள். பூங்கோதை நாலு வார்த்தை பேசி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, புரோகிராமிலிருந்து சூடேற்றும் பகுதியை அழித்தாள். பிறகு புதுக் கம்ப்யூட்டரைப் பெட்டியோடு இணைத்தார்கள்.

சாயங்காலம் அக்கா வந்து பெட்டிக்குள் கையை விட்டார்.

"அய்யோ, ஜில்லுனு கெடக்குதே!"

"சூடேத்துறவர் ரிட்டையர் ஆயிட்டாருங்க அக்கா."

"திரும்பக் கூப்பிடுங்கடா!"

"சால்வை போத்தி அனுப்பின ஆளை எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கூப்பிடறதுங்க?"

அக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். என்ன செய்வதென்று தெரியாமல் கம்ப்யூட்டர்மேல் சாய்ந்த நாச்சிமுத்து, "ஆ!" என்று துள்ளினான். வார்னிங் சொல்லிச் சொல்லி அது கொதித்துப் போயிருந்தது.

"வார்னிங் வரவரத்தான் சூடு ஏறுது! நிறுத்தவே கூடாது!"

முட்டைகளைக் கம்ப்யூட்டரைச் சுற்றி அடுக்கி, போர்வையால் மூடி, கம்பைலரை ஓயாமல் ஓட்டினார்கள். சூடு குறைந்தால் தப்பும் தவறுமாக இன்னும் நாலு வரி எழுதி வார்னிங்கைக் கூட்டினார்கள். அதில் மூவருமே கெட்டிக்காரர்கள்.

மூன்றாம் நாள் காலை, போர்வைக்குள் ஒரே கீச்சொலி. அக்கா அழுதுகொண்டே சிரித்தார். ஒரு குஞ்சு மட்டும் தத்தித் தத்திக் கீபோர்டில் ஏறியது. அழிக்கும் பொத்தான்மேல் நின்றபடியே தூங்கிவிட்டது. புரோகிராம் மொத்தமும் காலி. திட்ட எதுவும் இல்லாமல் கம்பைலர் மூச்சு விடவில்லை.

சார் போன் செய்தார். "எத்தனை வார்னிங் பாக்கி?"

"ஒண்ணுகூட இல்லைங்க சார்!"

"அடேயப்பா! யாருப்பா சரிபண்ணது?"

"புதுசா வந்தவருங்க சார்."

"அனுபவம் எவ்வளவு?"

அத்தியப்பன் கடிகாரத்தைப் பார்த்தான். "பத்து நிமிசங்க சார்."

"பத்தே நிமிசத்துலயா! இனி அவர்தான் உங்க மேனேஜர்!"

மூவரும் நோட்டைத் திறந்துகொண்டு மேனேஜர் முன்னால் வரிசையாக நின்றார்கள். அவர் கண்விழித்து, "கீச்," என்றார்.

"கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க சார்," என்றாள் பூங்கோதை. "எழுதிக்கறேன்."