தண்ணீரோடு உட்கார்ந்த ராஜா

கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள், கதை சின்னதுதான், ராஜாதான் பெரியவர். ராஜாக்கள் வாளைவிட மண்வெட்டியை அதிகம் பிடித்த காலத்தில் அஞ்சாதரையன் என்று ஒரு ராஜா இருந்தார். அவர் இரண்டையும் பிடித்ததில்லை. சாப்பிடுவார், உட்காருவார், மறுபடி சாப்பிடுவார்.

அந்த ஊர் ஏரிக்குச் சாத்தி என்பவள் காவல். மதகைத் திறப்பது, மூடுவது, கரையில் எலி வளை கண்டால் அடைப்பது எல்லாம் அவள் வேலை. மூன்று வருஷம் மழை இல்லை, ஏரி வறண்டு கிடந்தது. ராஜாவுக்கு வாயெல்லாம் பல். இவ்வளவு நல்ல இடம் சும்மா கிடக்கிறதே என்று ஏரி நடுவிலேயே அரண்மனை கட்டிவிட்டார்! சாத்தி மூன்று முறை போய் வேண்டாம் என்றாள். தண்ணீரே இல்லாததற்குப் பெயர் ஏரியா என்று மூன்று முறையும் துரத்தினார்.

நாலாம் வருஷம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. தண்ணீர் அரண்மனை வாசலில் வந்து நின்றது. உடனே கரையை வெட்டித் தண்ணீரை வெளியேற்று என்று சாத்திக்கு உத்தரவு. வெட்டினால் மூன்று ஊர் வயலும் காய்ந்து பிள்ளைகள் பட்டினி கிடக்கும். வெட்டாவிட்டால் அவள் தலை போகும்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. இடத்தகராறு வந்தால் இரண்டு பேரும் அந்த இடத்தில் உட்கார வேண்டும். பொழுது சாய்வதற்குள் முதலில் எழுந்தவருக்கு இடம் இல்லை.

“மகாராஜா, தண்ணீரும் இந்த இடம் தன்னுடையது என்கிறது. வழக்கப்படி அதோடு உட்காருங்கள். பொழுது சாயும்வரை தாங்கள் எழாவிட்டால் இடம் தங்களுடையது, நானே கரையை வெட்டுகிறேன்” என்றாள் சாத்தி.

ராஜாவுக்கு ஒரே சிரிப்பு. உட்காருவதில் அவரை மிஞ்ச ஆளேது? சிம்மாசனத்தில் காலைத் தொங்கப்போட்டு அமர்ந்தார். காலையில் தண்ணீர் கணுக்காலைத் தொட்டது, அசையவில்லை. உச்சிப்பொழுதில் இடுப்பைத் தொட்டது, தட்டை மிதக்கவிட்டுச் சாப்பிட்டார். சாயங்காலம் தாடியைத் தொட்டது, அப்போதும் அசையவில்லை. மனுஷன் லேசுப்பட்டவர் இல்லை! சூரியன் பனைமர உயரத்துக்கு இறங்கிவிட்டது. தோற்றுவிட்டோம் என்று சாத்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு கெளுத்தி மீன் ராஜாவின் வேட்டிக்குள் புகுந்தது. கெளுத்திக்கு முள் உண்டு, தெரியுமல்லவா? ராஜா எழுந்தார். எழுந்தார் என்றா சொன்னேன், பறந்தார். போய் உத்தரத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினார்.

“நானாக எழவில்லை, மீன்தான் எழுப்பியது” என்றார் அழாத குறையாக.

“மீன் தண்ணீர் கட்சி, மகாராஜா.”

ராஜா மேட்டில் குடிசை போட்டுக் குடியேறினார். அந்த வருஷம் மூன்று ஊரிலும் நெல் குவிந்தது, அதில் அதிகம் சாப்பிட்டதும் அவர்தான்.

ஆகையால் நல்லவர்களே, வறண்ட ஏரி காலி மனை அல்ல, தண்ணீர் வெளியூர் போயிருக்கிறது, அது திரும்பி வரும் வீட்டில் நாம் வீடு கட்டக் கூடாது.