ஈரம் காயாத ஓவியம்

முன்னொரு காலத்தில், மழை கதைகளில் மட்டுமே பெய்துகொண்டிருந்த காலத்தில், செம்மணல் சீமை என்றொரு ராஜ்யம் இருந்தது. ராஜாவும் இருந்தார். ஆனால் அவர் எங்கோ நிழலான ஊரில் சுகமாக இருந்தார்; நம் கதைக்கு அவர் வேண்டாம்.

கண்ணுக்கு எட்டிய தூரம் சிவப்பு மணல். இன்றைக்கு இங்கே இருக்கும் மேடு நாளைக்கு அங்கே போய்விடும். அதன் நடுவே நகராமல் நின்றது ஒன்றே ஒன்றுதான். ஸ்பெயின் தேசத்திலிருந்து கடல் தாண்டி வந்த சாமியார்கள் கட்டிய பழைய மடம். முந்நூறு வருஷமாக அது பாழடைந்து கிடந்தது. அங்கே போனவர் திரும்பியதில்லை என்று ஊரில் பேச்சு. போனது யார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது, அது வேறு விஷயம்.

அந்தச் சீமையில் ஒரு வழக்கம் உண்டு. சூறைக்காற்றில் யாராவது வழி தவறிவிட்டால், வீட்டுக்கு வீடு வாசலில் நின்று வெண்கலத் தட்டைக் கரண்டியால் தட்டுவார்கள். தட்டிக்கொண்டே கூப்பிடுவார்கள்:

“இந்தா இருக்கு வீடு! இந்தா இருக்கு வாசல்! இந்தா இருக்கோம் நாங்க!”

தன் வீட்டு ஆள் வந்துவிட்டால் போதும் என்று யாரும் கரண்டியைக் கீழே வைக்க மாட்டார்கள். ஊரில் கடைசி ஆள் வந்து சேரும்வரை ஒரு வீட்டுத் தட்டும் ஓயாது.

அந்த ஊரில் வடிவாள் என்று ஒருத்தி. அவள் புருஷன் கொம்பையா ஆடு மேய்க்கப் போனவன் சூறைக்காற்றில் சிக்கிக்கொண்டான். ஆடுகள் வந்துவிட்டன. ஆள் வரவில்லை. ஒரு நாள் தட்டினாள், இரண்டு நாள் தட்டினாள், மூன்றாம் நாள் மத்தியானம் கை வலிக்கத் தட்டும்போது தூரத்திலிருந்து பதில் வந்தது.

டணார்... டணார்... டணார்...

மடத்து மணி!

“போகாத தாயீ, அது பேய் மணி” என்றார் ஊர்த்தலைவர்.

“பேயோ பிசாசோ, நான் தட்டினதுக்குப் பதில் சொன்னது அது ஒண்ணுதான் மாமா” என்றாள் வடிவாள். தட்டையும் கரண்டியையும் இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள்.

மடத்தின் வெளிவாசல் பாதி மணலில் புதைந்திருந்தது. குனிந்து நுழைந்தாள். அப்பால் ஒரு முற்றம். நடுவில் வற்றிப்போன கல்தொட்டி. அதில் தண்ணீருக்குப் பதிலாக மணல் சின்னச் சின்ன அலையாக அசைந்துகொண்டிருந்தது. மேலே ஓட்டையான கூரை வழியே வெயிலும் மணலும் சேர்ந்து, சல்லடையில் சலித்த மாவு மாதிரி மெல்ல விழுந்தன. காலடிச் சத்தமே கேட்கவில்லை. தான் நடக்கிறோமா, தூக்கத்தில் மிதக்கிறோமா என்று வடிவாளுக்கே சந்தேகமாகிவிட்டது.

கோயில் வாசலில், நிலைப்படிக்கு வெளியே, பழுப்பு அங்கி போட்ட ஒரு கிழவர் நின்றார். அவர் வழியாகப் பின்னாலிருந்த சுவர் தெரிந்தது.

“யாரு சாமி நீங்க?”

“இனிகோ. இந்த மடத்துக்கு மணி அடிக்கிறவன். உள்ளே போய்ப் பார் அம்மா. என்னால் இந்தப் படியைத் தாண்ட முடியாது.”

உள்ளே நாக்கு இல்லாத பெரிய மணி ஒன்று தாழத் தொங்கியது. சுவர் முழுக்க ஓவியம். மண்வெட்டிக்காரர், தச்சர், தோட்டக்காரர், கல் சுமக்கும் பெண் என்று பதினோரு பேர், மணலில் தள்ளாடியபடி. பன்னிரண்டாவதாக, தோளில் கம்போடு கொம்பையா!

வடிவாள் ஓடிப்போய்க் கன்னத்தைத் தொட்டாள். விரலில் சாயம் ஒட்டியது. அவன் இன்னும் காயவில்லை.

அவள் உரக்க அழுதாள். அழுது முடித்ததும் மூக்கைச் சிந்திவிட்டு, “இது யாரு பண்ணின வேலை?” என்றாள்.

வெளியிலிருந்தே இனிகோ சொன்னார்: “சூறைக்காரி. காற்றுக்குள் குடியிருக்கும் மாயக்காரி. யாரும் கூப்பிடாத மனிதர்கள் எல்லாம் தனக்குச் சொந்தம் என்பாள். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் வந்த புயலில் நான்தான் மணி அடித்தேன். சாமியார்கள் ஏழு பேரும் உள்ளே வந்தார்கள். எல்லாரும் வந்தாயிற்று என்று நிறுத்திவிட்டேன். வேலைக்காரர்கள் பதினோரு பேர் வெளியே இருந்தது எனக்கு நினைவே வரவில்லை அம்மா. நினைவு வந்து தேடி ஓடினேன். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.”

“என் புருஷனை நாங்க கூப்பிட்டுக்கிட்டே இருந்தோமே!”

“அவள் காற்று உங்கள் சத்தத்தை அவன் காதுக்கு விடவில்லை. இந்த மணிச் சத்தத்தை அவளால் தடுக்க முடியாது. நீ தட்டியதற்கு அது தானாக அதிர்ந்து பதில் சொன்னது; ஆனால் ஆளை மீட்க உயிருள்ள கை அடிக்க வேண்டும். ஓர் ஆளுக்கு மூன்று அடி.”

வடிவாள் கரண்டியை ஓங்கினாள். டணார்! “இந்தா இருக்கு வீடு!” டணார்! “இந்தா இருக்கு வாசல்!” டணார்! “இந்தா இருக்கோம் நாங்க!”

சுவரிலிருந்து கொம்பையா தொப்பென்று விழுந்தான். “ஏட்டி வடிவு, ஆடெல்லாம் எங்க?” என்றான். மூன்று நாள் படமாக இருந்தவன் கேட்ட முதல் கேள்வி இது!

அவள் அவனைக் கட்டிக்கொண்ட நேரம், மணல் சுழன்று ஒரு பெண்ணாக எழுந்தது.

“கெட்டிக்காரிதான் நீ” என்றாள் சூறைக்காரி. “உன் ஆள் கிடைத்தாயிற்று. கூட்டிக்கொண்டு போ, தடுக்க மாட்டேன். ஆனால் இனி ஓர் அடி அடித்தாலும் பந்தயம் ஆரம்பம். பொழுது சாய்வதற்குள் எல்லாரையும் கூப்பிட்டு முடித்தால் எல்லாரும் உனக்கு. ஒரே ஒருவர் மிஞ்சினாலும் எல்லாரும் எனக்கு. இவனும்தான்.”

வெயில் ஏற்கெனவே மஞ்சளாகிவிட்டது. வடிவாள் புருஷனைப் பார்த்தாள். அவளுக்குப் பயம்தான், பயமில்லாமல் என்ன? சுவரில் அந்தக் கல் சுமக்கும் பெண், தூக்கிய காலை இறக்காமல் முந்நூறு வருஷமாக நின்றாள்.

“என்னங்க செய்யட்டும்?”

கொம்பையாவும் சுவரைப் பார்த்தான். “நம்ம ஊர்ல எப்பட்டி பாதியில நிறுத்தியிருக்கோம்? அடி.”

டணார், டணார், டணார்! தச்சர் இறங்கினார். தோட்டக்காரர் இறங்கினார். வடிவாளின் கை துவண்டபோது கொம்பையா கரண்டியை வாங்கினான். அவன் கை துவண்டபோது தச்சர் வாங்கினார். கடைசியாகக் கல் சுமக்கும் பேச்சி இறங்கித் தலைச்சுமையைக் கீழே போட்டாள். சுவர் வெறுமையாகிவிட்டது. சூரியன் கால்வாசிதான் மிச்சம்.

சூறைக்காரி போகவில்லை. சிரித்தாள். “இன்னும் ஓர் ஆள் பாக்கி.”

தேடினார்கள். தூணுக்குப் பின்னால், பீடத்துக்கு அடியில், மணிக்கு உள்ளே. யாருமில்லை. அதற்குள் கொம்பையாவின் விரல் நுனியில் சாயம் ஏறத் தொடங்கியது.

அப்போதுதான் வடிவாள் வாசலைப் பார்த்தாள். நிலைப்படிக்கு வெளியே, கணுக்கால்வரை மணலில், இனிகோ நின்றுகொண்டிருந்தார்.

“சாமி, அன்னைக்கு எங்களைத் தேடி ஓடினீங்களே. திரும்பி வந்தீங்களா?” என்று கேட்டது பேச்சி.

கிழவர் தலை குனிந்தார். “நான் மணியை நிறுத்தினவன். என்னை யார் கூப்பிடுவார்கள்?”

“வெளிய நிக்கிற ஆளு நல்லவரா கெட்டவரான்னு எங்க ஊருல கேக்குறதில்ல சாமி” என்று வடிவாள் கரண்டியைப் பிடுங்கி, இருந்த பலத்தையெல்லாம் திரட்டி மூன்று அடி அடித்தாள். பதினோரு பேரும் கொம்பையாவும் சேர்ந்து கத்தினார்கள். “இந்தா இருக்கு வீடு! இந்தா இருக்கு வாசல்! இந்தா இருக்கோம் நாங்க!”

கிழவர் படியைத் தாண்டினார். அவர் உடம்பு வழியாகத் தெரிந்த சுவர் மறைந்து, சதையும் நிறமும் வந்தன. சூரியன் அப்போதுதான் மணலுக்குள் இறங்கியது. சூறைக்காரி வெறும் புழுதியாக உதிர்ந்து அடங்கினாள்.

அந்தி வெளிச்சத்தில் வரிசையாக ஊர் வந்து சேர்ந்தார்கள். ஊர்த்தலைவர் எண்ணிப் பார்த்துத் திகைத்தார். “ரெண்டு பேரைத்தானே காணோம்? பதினாலு பேரு வாராங்க!”

“அந்த விவரமெல்லாம் அப்புறம் மாமா. முதல்ல கஞ்சி ஊத்தச் சொல்லுங்க. இவங்க சாப்பிட்டு முந்நூறு வருஷமாச்சு” என்றாள் வடிவாள்.

பிற்பாடு அந்தப் பதினோரு பேரும் மடத்தில் மணல் மூடிய கிணற்றைக் காட்டினார்கள், ஊரே தோண்டியது, தண்ணீர் வந்தது, வடிவாளுக்கு ராஜா பல்லக்கு அனுப்பினார், அவள் அதில் ஆட்டுக்குட்டிகளை ஏற்றினாள். அதெல்லாம் பிற்பாடு. அன்று சாயங்காலம் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். எல்லாரும் பந்தியில் உட்கார்ந்தார்கள். இனிகோ மட்டும் ஓரமாக ஒதுங்கி நின்றார். முதல் கும்பா கஞ்சி பேச்சி கைக்கு வந்தது. அவள் அதைக் குடிக்கவில்லை. எழுந்து போய் அவர் கையில் வைத்தாள்.

“குடிங்க சாமி, ஆறிரும்” என்றாள்.

அவர் அழுதுகொண்டே குடித்தார். சட்டியில் இன்னும் கஞ்சி மிச்சம் இருக்கிறதாம், பசித்தவர்கள் போகலாம்.